பட்டும் கம்பளியும் வீட்டுத் துவையலில் கெட்டால்: வேலூர்த் தண்ணீருக்கு ஏற்ற பிழை நீக்கும் வழிமுறை

வேலூரில் ஒரு பட்டுப்புடவையையோ கம்பளி ஸ்வெட்டரையோ வீட்டில் துவைத்துக் கெடுத்துக்கொண்டவர்கள் முதலில் துணியைத்தான் குறை சொல்வார்கள். சாயம் மட்டம், நூல் மட்டம், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பேச்சு போகும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரே புடவையை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு முறையும், பிடித்துவைத்த மழைத்தண்ணீரில் ஒரு முறையும் அலசிப் பார்த்த அன்றுதான், நம் ஊரில் துணி கெடுவதற்குத் தண்ணீரும், அந்தத் தண்ணீரில் நுரைக்க வைக்கிறோம் என்று நாம் அள்ளிப் போடும் சோப்புத்தூளும் எவ்வளவு பெரிய காரணம் என்பது புரிந்தது.

கீழே ஒவ்வொரு பிழையையும் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியை வைத்தே பிரித்திருக்கிறேன். உங்கள் துணியில் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் எந்தப் பகுதிக்குப் போவதானாலும், அதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்துகொள்வது நல்லது.

முதலில்: துணி எது, தண்ணீர் எது

துணியின் உள் தையலிலோ முந்தானைக் குஞ்சத்திலோ இருந்து ஒரு நூலை மட்டும் உருவி, பழைய தட்டின் மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் நசுக்கினால் பொடியாக உதிர்ந்தால் அது பட்டு அல்லது கம்பளி. உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நின்றால் அது பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக் போன்ற செயற்கை இழை. மார்கழியில் தெருவோரங்களில் குவித்து விற்கும் மலிவான ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை அக்ரிலிக்தான். மேடைகளில் போர்த்தப்படும் பொன்னாடையும் அநேகமாகச் செயற்கை இழைதான். இவற்றுக்கு இந்தக் கட்டுரையில் சொல்லும் கவனத்தில் பாதிகூடத் தேவையில்லை. சூடான இஸ்திரிப் பெட்டியை மட்டும் நெருங்கவிடாதீர்கள்.

முடி கருகும் நாற்றம் வருவதற்குக் காரணம் உண்டு. பட்டும் கம்பளியும் நம் தலைமுடியைப் போலவே புரதத்தால் ஆனவை. ஆகவே ஒரு பொருளை இவற்றின் மேல் போடலாமா என்ற ஐயம் எழும்போதெல்லாம், அதைக் கொண்டு தலைக்குக் குளிப்போமா என்று கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் சரியான விடை கிடைத்துவிடும். பருத்தித் துணிக்கான சோப்புத்தூள் கரைசலின் பி.எச். அளவு 10-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அந்தக் காரம் பருத்தியை ஒன்றும் செய்யாது, புரத இழையை மட்டும் மெல்ல அரிக்கும். கறை நீக்கும் தூள்கள் பலவற்றில் புரதத்தைச் செரிக்கும் என்சைமும் சேர்க்கப்படுகிறது. குழம்புக் கறையைத் தின்னும் அதே என்சைமுக்குப் பட்டு நூலும் உணவுதான்.

அடுத்தது தண்ணீர். நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு தண்ணீர் இருக்கும்: புழக்கத்துக்கு உப்புத்தண்ணீர் என்று நாம் சொல்லும் போர் தண்ணீர், குடிக்கச் சமைக்க நல்ல தண்ணீர், அதாவது காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயிலோ லாரியிலோ வருவது. பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் தோல் தொழிற்சாலைக் கழிவால் எவ்வளவு கெட்டது என்பதை 1996-ல் உச்ச நீதிமன்றமே வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் எடுத்துப் பேசியது நினைவிருக்கலாம். கழிவு எட்டாத இடங்களிலும் பாறையில் ஊறி வரும் நீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் கரைந்திருக்கும். ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதியளவு தண்ணீர் பிடித்து, சுண்டுவிரல் நகம் அளவு குளியல் சோப்பைச் சீவிப்போட்டு நன்றாகக் குலுக்குங்கள். நுரை தலைப்பாகை போல நின்றால் அது மென்னீர். நுரை நிற்காமல், திரிந்த பால்போல வெள்ளைத் திப்பி மிதந்தால் அது கடினநீர். இந்தச் சோதனைக்குச் சோப்புத்தூள் உதவாது. அது கடினநீரிலும் ஓரளவு நுரைத்து உங்களை ஏமாற்றிவிடும்.

அறிகுறி: பட்டு பளபளப்பை இழந்து, மாவு பூசியதுபோல் மங்கிக் கிடக்கிறது

இந்த ஊரில் நான் அதிகம் காணும் பிழை இதுதான். புடவையைக் கையில் எடுத்தால் சரசரப்பு இருக்காது. தொட்டால் சற்று மொரமொரப்பாகவும், கருநீலம், அரக்கு போன்ற அடர்ந்த நிறங்களில் மடிப்பு ஓரங்களில் சாம்பல் பூத்ததுபோலவும் தெரியும். சாயம் போய்விட்டது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் சாயம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அதன்மேல் ஒரு படலம் ஏறியிருக்கிறது.

சோப்பில் உள்ள கொழுப்பு அமிலம் தண்ணீரில் உள்ள சுண்ணாம்போடு சேரும்போது கரையாத திப்பி உண்டாகிறது. புட்டியில் மிதந்தது அதுதான். அதுவே நூலிழைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாதபோது 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. அந்த 600 மில்லிகிராம் தண்ணீரைப் பத்து லிட்டர் பக்கெட்டில் பிடித்தால், ஒரு துளி அழுக்கு நீங்குவதற்கு முன்பே ஏறத்தாழ 35 கிராம் சோப்பு திப்பியாகவே வீணாகும். பக்கத்து வீட்டுப் பெண், “அக்கா, எவ்வளவு போட்டாலும் நுரையே வர மாட்டேங்குது” என்று சொல்லிக்கொண்டே இன்னொரு பிடி தேய்ப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வரும். அவர் தேய்ப்பதில் பாதி புடவையின் மேல் படலமாகத்தான் ஏறுகிறது.

நீக்கும் வழி இது. நல்ல தண்ணீர் ஆறேழு லிட்டரை ஓர் அன்னக்கூடையில் எடுத்துக்கொண்டு, கம்பளிக்கும் பட்டுக்கும் என்றே விற்கும் நடுநிலைத் திரவ சோப்பில் (ஈஸி போன்றவை) ஒரு மூடியளவு கலக்குங்கள். இவ்வகைத் திரவ சோப்பு சுண்ணாம்போடு சேர்ந்து திப்பியாவதில்லை என்பதால், பழைய படலத்தைத் தளர்த்தி எடுக்கும். புடவையை அதில் அமிழ்த்தி, இரண்டு மூன்று நிமிடம் உள்ளங்கையால் மெல்ல அமுக்கி அமுக்கி எடுங்கள். தேய்க்கவோ கல்லில் அடிக்கவோ கூடாது. பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, கடைசி அலசலுக்கான ஐந்து லிட்டரில் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் விட்டு ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். மிச்சமிருக்கும் காரம் அதில் அடங்கிவிடும். பட்டின் அந்தச் சரசரப்பும் மெல்லிய அமிலத்தில்தான் திரும்பி வருகிறது. ஆனால் ஜரிகைக்கரைப் புடவைக்கு வினிகர் வேண்டாம். காரணத்தை ஜரிகைப் பகுதியில் சொல்லியிருக்கிறேன்.

குடிநீரைத் துணிக்குச் செலவழிக்க மனம் வராதவர்கள் முதல் கழுவலை மட்டும் போர் தண்ணீரில் திரவ சோப்பைக் கொண்டு செய்துகொண்டு, கடைசி அலசல் ஒன்றையாவது நல்ல தண்ணீரில் செய்யலாம். துணியில் காய்ந்து தங்குவது கடைசியாகத் தொட்ட தண்ணீரின் உப்புதானே. ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டை மாடியில் நான்கு குடம் பிடித்து வைத்தால் அதைவிட நல்ல நீர் கிடையாது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைச் சிக்கனம் கருதித் துவையலுக்குப் பிடித்துவைப்பவர்கள் இதற்கு மட்டும் அதைத் தொட வேண்டாம். வடிகட்டி நீக்கிய உப்பெல்லாம் அதில்தான் செறிந்திருக்கிறது. சலவைச் சோடா போட்டால் நீர் மென்மையாகும் என்பது உண்மையே. ஆனால் அந்தச் சோடாவே கடுங்காரம். வேட்டிக்கு ஆகும், பட்டுக்கு ஆகாது.

நம் பாட்டிமார் பட்டுக்குப் பூந்திக்கொட்டையையே நம்பியதில் பொருள் இருக்கிறது. அதன் தோலில் உள்ள சப்போனின் நுரை தரும், காரம் இல்லை. பத்துப் பன்னிரண்டு கொட்டைகளை உடைத்து விதையை நீக்கி, ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் கையால் பிசைந்து, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டினால் ஒரு புடவைக்குப் போதும். கரைசல் தேநீர் நிறத்தில் இருப்பதால் வெள்ளை, சந்தன நிறப் பட்டுகளுக்கு மட்டும் இதைத் தவிர்ப்பேன்.

அறிகுறி: கரையின் சாயம் உடலில் இறங்கிவிட்டது

இதில் நேரம்தான் எல்லாம். ஆகவே இதைத் துணி ஈரமாக இருக்கும்போதே படித்துக்கொண்டிருந்தால் முதல் இரண்டு வாக்கியங்களோடு எழுந்து போங்கள்: துணியைக் காயவிடாதீர்கள். முழுப் புடவையையும் குளிர்ந்த தண்ணீரில் உடனே மூழ்கவையுங்கள்.

என் அம்மாவின் ஆரணிப் பட்டு ஒன்று. 1989-ல் வட ஆர்க்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்து ஆரணி திருவண்ணாமலைப் பக்கம் போவதற்கு முன்பே வாங்கியது. சந்தன நிற உடல், அரக்குக் கரை. அதைப் பக்கெட்டில் ஊறப்போட்டுவிட்டு வந்த தொலைபேசியை எடுத்தேன். திரும்பி வந்தபோது இருபது நிமிடம் ஆகியிருந்தது. தண்ணீர் ரோஸ்மில்க் போல இருந்தது. கரையை ஒட்டி உடலில் விரற்கடை அகலத்துக்கு இளஞ்சிவப்பு ஏறி, மடிப்பு விழுந்த இடங்களில் கோடு கோடாக நின்றது. குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் திரவ சோப்பு கலந்து, புடவையை முழுதும் பிரித்துவிட்டு, கரையை ஒரு கையில் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு உடலை மட்டும் அலசினேன். தண்ணீரில் நிறம் தெரிவது நிற்கும்வரை ஆறு முறை தண்ணீர் மாற்றினேன். உடல் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. கொசுவ மடிப்பில் ஒரே ஒரு கோடு மட்டும் இன்றும் இருக்கிறது. அந்த இடத்தில்தான் இரண்டு மடிப்பு ஒட்டிக்கிடந்திருக்க வேண்டும்.

இறங்கிய சாயம் ஈரத்தில் இழையின் மேல்தான் ஒட்டியிருக்கும். காய்ந்து, அதன்மேல் இஸ்திரிச் சூடும் பட்டுவிட்டால் உள்ளே போய் நிலைத்துவிடும். அதனால்தான் காயவிடக் கூடாது என்கிறேன். சாயம் ஏறிய இடத்தைக் குளோரின் வெளுப்பானால் எடுக்க முயல்வது அதைவிடப் பெரிய தவறு. குளோரின் வெளுப்பான் பட்டையும் கம்பளியையும் மஞ்சளாக்கிக் கரைத்தே விடும். சாயம் நீக்கி என்று விற்கும் பொடிகள் வந்தேறிய சிவப்போடு உங்கள் சந்தன நிறத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும்.

உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிலைக்கும் என்பது எல்லா வீட்டிலும் சொல்லப்படுகிறது. பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும் வேலையில் உப்புக்கு இடமுண்டு. நெய்து முடித்த பட்டில் தளர்ந்து நிற்கும் சாயத்தை அது கட்டிப்போடாது. அதைவிட, துவைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்வது மேல். கரையின் உள்பக்கத்தில் ஓரிடத்தை நனைத்து, வெள்ளைக் கைக்குட்டையால் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் அந்தப் புடவை வீட்டுத் துவையலுக்கு ஏற்றதன்று. ட்ரை வாஷுக்குக் கொடுங்கள். லேசாகத்தான் ஏறுகிறது, கட்டாயம் துவைத்தே ஆகவேண்டும் என்றால் முந்தானை, கரை, உடல் மூன்றையும் தனித்தனியாகப் பிடித்து நனைத்து, ஐந்து நிமிடத்துக்குள் முடித்து, மடிப்பு ஒன்றன்மேல் ஒன்று படியாமல் விரித்து உலர்த்துங்கள்.

அறிகுறி: ஸ்வெட்டர் சுருங்கித் தடித்துவிட்டது

இதற்கு ஒரு சிறு பரிசோதனை உண்டு. ஸ்வெட்டரை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, இரண்டு கையாலும் லேசாக இழுத்துப் பாருங்கள். பின்னல் கண்கள் தனித்தனியாகத் தெரிந்து, இழுத்தால் திறந்து மூடினால் நம்பிக்கை இருக்கிறது. கண்களே தெரியாமல், நாற்காலியின் அடியில் ஒட்டும் ஃபெல்ட் துண்டைப்போல ஒரே தகடாக இருந்தால் அது திக்கிவிட்டது, அதாவது மயிர்கள் ஒன்றோடொன்று சிக்கி இறுகிவிட்டன. அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எந்த வழியும் கிடையாது.

இரண்டும் வெவ்வேறு நிகழ்ச்சிகள். முதலாவது, பின்னியபோது இழுத்துப்பிடித்த நூல் தண்ணீர் பட்டதும் தளர்ந்து தன் இயல்பான நீளத்துக்குப் போவது. இரண்டாவதற்குக் காரணம் கம்பளி மயிரின் அமைப்பு. ஒவ்வொரு மயிரின் மேலும், தேங்காய் மட்டை அடுக்கியதுபோல, ஒரே திசை பார்த்த நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. வெந்நீரிலும் காரத்திலும் அவை விரிந்து நிற்கும். அந்த நேரத்தில் துணியைக் கசக்கினால் ஒரு மயிரின் செதில் மற்றொன்றில் மாட்டி, முன்னே நகருமே ஒழியப் பின்னே வராது. ஒவ்வொரு கசக்கலிலும் இறுக்கம் ஏறிக்கொண்டே போகும். சூடு மட்டுமே காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். அசைவில்லாத வெதுவெதுப்பான நீரில் கம்பளி அமைதியாகக் கிடக்கும் என்பதே என் அனுபவம். கெடுப்பது சூடும் காரமும் கசக்கலும் ஒன்றுசேர்வது.

அப்படி ஒன்றுசேரும் இடம் நம் வீட்டில் எது தெரியுமா? மொட்டை மாடியில் உள்ள கருப்புத் தண்ணீர்த் தொட்டி. இங்கே குளிர்காலத் துணிகளை மடித்து உள்ளே வைக்கும் வேலை பங்குனி, சித்திரையில்தான் நடக்கும். அப்போது வெயில் 40 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்கும். பிற்பகல் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் வருவது பச்சைத்தண்ணீர் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். கை வைத்தால் சுடும். வடக்கே படிக்கப் போயிருந்த என் மகனின் நல்ல ஸ்வெட்டரை அப்படிப்பட்ட தண்ணீரில், சோப்புத்தூள் போட்டு, துவைக்கல்லில் தேய்த்துக் கும்மினேன். மாலையில் கொடியில் இருந்து எடுத்தபோது அது பத்து வயதுப் பையனின் அளவுக்கு வந்திருந்தது. முழங்கைப் பக்கம் விரலால் தட்டினால் அட்டையில் தட்டும் ஓசை கேட்டது. காலை ஆறு மணிக்குத் தொட்டித் தண்ணீர் குளிர்ந்திருக்கும்போதோ, கீழே சம்ப்பில் இருந்து எடுத்தோ துவைத்திருந்தால் அது இன்றும் அவனுக்குப் பொருந்தியிருக்கும்.

கண்கள் தெரிகின்ற ஸ்வெட்டருக்கான மருத்துவம் எளிது, ஆனால் பொறுமை வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டுக்கும் குறைவான, 30 டிகிரி அளவில் உள்ள நல்ல தண்ணீர் ஐந்து லிட்டரில், தலைக்குப் போடும் கண்டிஷனர் இரண்டு மேசைக்கரண்டியைக் கரைத்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டரை அதில் அமிழ்த்தி அரை மணி நேரம் தொடாமல் விடுங்கள். கண்டிஷனர் மயிர்களுக்கு நடுவில் வழுக்கலைத் தருவதால் மாட்டிக்கொண்டவை கொஞ்சம் நகரும். எடுத்து, பிழியாமல், ஒரு பெரிய துண்டில் வைத்துப் பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி, மேலே முழங்கையால் அழுத்துங்கள். பிறகு விரித்து, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மாறிமாறி, ஒவ்வொரு முறையும் விரற்கடைக்கு மேல் போகாமல் இழுங்கள். விளிம்புகளில் துருப்பிடிக்காத ஊசிகளைக் குத்தி, தெர்மோகோல் பலகை ஒன்றின் மேல் நிறுத்தி உலரவிடுங்கள். ஒரே நாளில் முழு அளவும் வந்துவிட வேண்டும் என்று இழுத்தால் தோள் தையல் பிய்ந்துவிடும். காய்ந்த பிறகு இன்னும் குறையாக இருந்தால் இதையே மீண்டும் செய்யலாம்.

திக்கிப்போன ஸ்வெட்டரைத் தூக்கி எறிய வேண்டாம். அதை வெட்டினாலும் நூல் பிரியாது. நான் மகனுடையதை வெட்டிச் சூடான பாத்திரங்களைப் பிடிக்கும் கைத்துணியாகத் தைத்துக்கொண்டேன். ஐந்து ஆண்டுகளாக உழைக்கிறது.

அறிகுறி: ஸ்வெட்டர் நீண்டு, கை முழங்காலைத் தொடுகிறது

ஈரத்தோடு கொடியில் போட்டதன் விளைவு இது. கம்பளி நனைந்தால் தன் எடையே அதற்குப் பாரமாகிவிடும். ஈரத்தில் இழையின் வலிமையும் குறைந்திருக்கும். மீண்டும் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, துண்டில் சுருட்டி ஈரம் எடுத்து, கயிற்றுக் கட்டிலில் ஒரு பழைய வேட்டியை விரித்து, அதன்மேல் ஸ்வெட்டரைக் கிடத்தி, இரண்டு கைகளாலும் உள்நோக்கித் தள்ளிச் சரியான அளவுக்குக் கொண்டுவாருங்கள். கட்டிலின் அடியிலும் காற்று போகும் என்பதால் இதைவிட நல்ல உலர்த்தும் மேடை எந்தக் கடையிலும் கிடைக்காது. சரியான அளவு எது என்பதை நினைவில் இருந்து சொல்ல முடியாது; ஆகவே துவைப்பதற்கு முன்பே ஸ்வெட்டரைச் செய்தித்தாளின் மேல் விரித்துப் பென்சிலால் ஓரம் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வெள்ளையும் சந்தனமும் பழுப்பேறுகின்றன

நம் வெயிலில் பருத்தி வேட்டி வெளுக்கும். பட்டும் கம்பளியும் மஞ்சளாகும். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் புரத இழையைச் சிதைப்பதால் வரும் நிறம் அது, துவைத்தால் போகாது. இங்கே கோடைக் காற்றே துணியை உலர்த்தப் போதுமானது, வெயில் தேவையே இல்லை. தாழ்வாரத்திலோ மின்விசிறியின் கீழோ போட்டால் பட்டு ஓரிரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். அக்குளில் மட்டும் பழுப்பேறினால் அது வியர்வை. ஒருமுறை உடுத்தியதும் அன்றே அந்த இடத்தை நல்ல தண்ணீரால் ஒற்றி எடுத்து நிழலில் காற்றாட விட்டால், முழுத் துவையலையே பல மாதம் தள்ளிப்போடலாம். நீலம் போட்டு மறைக்கலாம் என்பவர்களுக்கு ஒரு சொல்: பட்டு நீலத்தைத் திட்டுத்திட்டாகவே உறிஞ்சும்.

அறிகுறி: ஜரிகை கறுக்கிறது அல்லது பச்சை பூக்கிறது

கறுத்தால் அதில் அநேகமாக வெள்ளி இருக்கிறது என்று கொஞ்சம் மகிழலாம். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளித் தகட்டிழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. முலாம் தேய்ந்த இடத்தில் வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்து கறுக்கும். பச்சை பூத்தால் உள்ளே இருப்பது செம்பு, அதாவது டெஸ்டட் ஜரிகை. வினிகர், எலுமிச்சை, புளி ஆகிய எதுவும் அதைத் தொடக் கூடாது என்பது இதனால்தான். அமிலம் செம்பை அரித்துப் பச்சையைப் பெருக்கும். வெள்ளிப் பாத்திரம் துலக்கும் பொடியும் வேண்டாம். கறுப்போடு மெல்லிய பொன்முலாமும் போய்விடும். உலர்ந்த மென்துணியால் துடைப்பதற்கு மேல் வீட்டில் எதுவும் செய்யாதீர்கள். கம்பளியின் புரதத்திலேயே கந்தகம் இருக்கிறது என்பதால் ஸ்வெட்டரையும் ஜரிகைப் புடவையையும் பீரோவின் ஒரே தட்டில் அடுக்க வேண்டாம். ரப்பர் வளையம் போட்டுக் கட்டவும் வேண்டாம்.

அறிகுறி: காய்ந்தபின்னும் கம்பளி நாறுகிறது

காய்ந்துவிட்டது என்று கை சொல்லும், உண்மையில் காய்ந்திருக்காது. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் தொடுவதற்கு ஈரமாகத் தோன்றாது. வடகிழக்குப் பருவமழை நாளில் அதை மடித்து வைத்துவிட்டால் பூஞ்சை வந்தே தீரும். திரவ சோப்பில் மீண்டும் கழுவி, வினிகர் அலசல் கொடுத்து, இரண்டு நாள் முழுதாக மின்விசிறிக் காற்றில் திருப்பித் திருப்பிப் போடுங்கள். கருப்புப் புள்ளி விழுந்திருந்தால் பூஞ்சை போகும், புள்ளி நிற்கும்.

அறிகுறி: பட்டில் தண்ணீர் வளையம், இஸ்திரிப் பளபளப்பு

ஒரு துளி கடினநீர் தெறித்துக் காய்ந்த வளையத்தைத் தேய்த்தால் அந்த இடம் வெளுக்கும். முழுத் துணியையும் நல்ல தண்ணீரில் சீராக நனைத்து உலர்த்தினால் ஓரம் கரைந்துவிடும். பெட்டியின் சூட்டால் வந்த பளபளப்புக்கு, ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்து, குறைந்த சூட்டில் லேசாக ஒற்றிப் பாருங்கள். பழுப்பாகவே கருகியிருந்தால் இழை போய்விட்டது.

அறிகுறி: துவைத்து எடுத்ததும் ஓட்டை தெரிகிறது

துவையல் ஓட்டை போடுவதில்லை. முன்பே பூச்சி அரித்துப் பலவீனமாக்கிய இடம் தண்ணீரில் திறந்துகொள்கிறது. அந்துப்பூச்சியின் புழுவுக்கு வியர்வையும் உணவுக்கறையும் பட்ட கம்பளி என்றால் விருந்து. ஆகவே அழுக்கோடு உள்ளே வைக்கக் கூடாது. வசம்பு, வேப்பிலை ஆகியவை பூச்சியைத் தள்ளி வைக்கலாம். ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லா. நாப்தலின் உருண்டையைத் தாளில் பொதிந்து, துணியைத் தொடாதபடி வையுங்கள். குழந்தைகள் எடுத்து வாயில் போட்டுக்கொள்ளாத இடமாகவும் இருக்கட்டும்.

அறிகுறி: பழம்பட்டு மடிப்பில் கிழிகிறது

திருமணப் புடவையை இருபது ஆண்டுகள் ஒரே மடிப்பில் வைத்திருந்து எடுத்தால், மடிப்புக் கோட்டில் நேர்க்கோடாகக் கீறல் விட்டிருக்கும். இதற்குத் துவையல் மருந்தாகாது. ஈரத்தில் பட்டு தன் வலிமையில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழக்கும். ஆகவே அதைத் தண்ணீரில் போட்டால் கீறல் கிழிசலாகும். தூசியை மட்டும் மென்மையான தூரிகையால் தட்டி எடுத்து, சோப்பு வாசம் போக அலசிய கஞ்சியில்லாத வெள்ளை வேட்டியின் மேல் விரித்து, மடிக்காமல் பாய்போல உருளையாகச் சுருட்டி, பிளாஸ்டிக் உறையில் போடாமல் பீரோவின் மேல்தட்டில் கிடத்திவையுங்கள்.